நிணநீர் ஓடும் வழியைக் காட்டும் சாயங்கள்: சிங்கப்பூரில் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கேமராவை அந்த அம்மாவின் புறங்கைமேல் பிடித்தோம். விரலிடுக்கில் ஊசி போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தது. விரலால் மெல்ல நீவிவிட்டதும் அந்தப் புள்ளியிலிருந்து நூல்போல ஒரு கோடு கிளம்பி மணிக்கட்டைத் தாண்டியது. கொஞ்சம் நின்றது. அப்புறம் யாரும் தொடாமலே ஒரு தள்ளு, இன்னும் மேலே. முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்ததும் கோடு உடைந்து, புகைபோலத் தோலெங்கும் பரவியது.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து அவருக்கு நான்கு வருடம். கை வீங்கத் தொடங்கி ஒன்றரை வருடம். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு நாளா என் கைக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் காட்டலையே மிஸ்ஸி."

அவருடைய சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்த வீக்கத்தை யானைக்கால் மாதிரி ஏதோ ஒன்று என்று சொல்லிவந்தார்கள். மீதிப் பேர் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இங்கே தாதியாக, எல்லாரும் கூப்பிடுவதுபோல "மிஸ்ஸி"யாக, வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கதை. தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பரிசோதனை நாளன்று அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், டாக்டரிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: "எந்தச் சாயம் போடப்போகிறீர்கள், எதைப் பார்ப்பதற்கு?" முன்தயாரிப்பு, ஒவ்வாமை, பின்விளைவு எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

சாயம் எதற்கு?

இரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரில் ஒரு பங்கு நேரே இரத்தத்துக்குத் திரும்புவதில்லை. திசுக்களுக்கு இடையில் தேங்கும் அந்த நீரை மெல்லிய குழாய்கள் உறிஞ்சி, வழியில் கணுக்களில் வடிகட்டி, கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதுதான் நிணநீர். தொண்டை வலித்தால் "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி தடவிப் பார்ப்பாரே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு.

கையிலும் காலிலும் ஓடும் நிணநீருக்கு நிறமில்லை. குழாயின் சுவரோ கண்ணாடிபோல மெல்லியது. பல குழாய்கள் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாதவை. திறந்து பார்த்தாலும் கொழுப்புக்கு நடுவே தெரியாது. 1622ல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெண்மையான நூல்களைக் கண்டார். முதலில் நரம்பு என்று நினைத்தார். கீறியதும் பால்போன்ற திரவம் வெளியே வந்தது. அந்த நாய் சற்று முன்புதான் சாப்பிட்டிருந்தது; உணவின் கொழுப்பு நிணநீரில் கலந்து அதை வெள்ளையாக்கியிருந்தது. சாப்பாடே சாயமாக வேலை செய்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மார்பு அறுவை சிகிச்சையில் நிணநீர்ப் பெருங்குழாயைக் கண்டுபிடிக்க, முன்கூட்டியே நோயாளிக்குப் பாலாடையோ எண்ணெயோ கொடுக்கும் வழக்கம் இப்போதும் உண்டு.

எந்தச் சாயம்?

*நீலச் சாயம்.* லண்டனில் ஜான் கின்மந்த் 1952ல் கால்விரல் இடுக்கில் நீலச் சாயத்தைச் செலுத்தி, நீலமாகத் தெரிந்த குழாயைப் புறங்காலில் கீறிக் கண்டுபிடித்து, அதற்குள் மெல்லிய ஊசி நுழைத்து எக்ஸ்ரே மருந்தைச் செலுத்தினார். உயிரோடு இருக்கும் மனிதரின் நிணநீர்க் குழாய்களை எக்ஸ்ரேயில் ஒழுங்காகப் பார்க்க அதுவே வழி திறந்தது. இன்று நீலச் சாயத்துக்கு முக்கிய வேலை வேறு. புற்றுநோய்க் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை, அதாவது முதற்கணுவை, அறுவை அறையில் அது காட்டிக்கொடுக்கும். 1992ல் டொனால்டு மார்ட்டன் குழு தோல் புற்றுநோயிலும், 1994ல் அர்மாண்டோ ஜூலியானோ குழு மார்பகப் புற்றுநோயிலும் இதைச் செய்துகாட்டினார்கள். அந்த முதற்கணுவில் புற்றுநோய் இல்லையென்றால் அக்குளை முழுதாகக் காலி செய்யத் தேவையில்லை. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. முதற்கணுவை மட்டும் எடுத்தால் சுமார் இருபதில் ஒருவருக்குத்தான். ஒரு சொட்டுச் சாயம் எத்தனை கைகளைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

நீலச் சாயத்தில் மூன்று விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, ஒவ்வாமை. ஐசோசல்ஃபான் நீலம், பேடன்ட் நீலம் ஆகிய இரண்டும் நூற்றில் ஒருவர் இருவருக்கு ஒவ்வாமை தரலாம். சில சமயம் கடுமையாகவும் இருக்கும். மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருப்பதால் உடனே கவனித்துவிடுவார்கள். இரண்டாவது, சிறுநீர் ஓரிரு நாள் பச்சையாகவோ நீலமாகவோ போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், இரவு இரண்டு மணிக்குக் கழிவறையில் பயந்துபோய் மணியடித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம் மறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்கிறேன். தோல் கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரியலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சற்று நேரம் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டலாம். மார்பில் நீலக் கறை பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட நிற்கும்.

மூன்றாவது, மெத்திலீன் நீலம் என்ற இன்னொரு நீலச் சாயத்தைப் போடுவதாக இருந்தால் இரண்டு தகவல்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பது. சில மாத்திரைகளோடு இந்த மருந்து சேர்ந்தால் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் அளவு ஆபத்தாக ஏறலாம். குடும்பத்துக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தாதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். இன்னொன்று ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது. அது உள்ளவர்களுக்கு இந்த நீலம் இரத்த அணுக்களை உடைக்கக்கூடும். சிங்கப்பூரில் 1965லிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். ஊரில் பிறந்து இங்கே வந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை நடக்காமலே இருந்திருக்கலாம். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

*கதிரியக்க மருந்து.* இது சாயமில்லை, ஆனாலும் வேலை அதேதான். டெக்னீசியம்-99எம் ஒட்டிய நுண்துகள்களை விரலிடுக்கிலோ கட்டியின் அருகிலோ செலுத்தி, காமா கேமராவில் படம் எடுப்பார்கள். அதன் கதிர்வீச்சு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். குழாய் குழாயாகத் தெளிவாகத் தெரியாது. நிணநீர் போகிறதா, எவ்வளவு வேகத்தில் போகிறது, எந்தக் கணுவில் சேர்கிறது என்பது தெரியும். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முன்பே சொல்லிவிட வேண்டும்.

*லிப்பியோடால்.* 1901ல் பிரான்ஸில் மார்செல் கெர்பே உருவாக்கிய அயோடின் கலந்த எண்ணெய். மூலப்பொருள் கசகசா எண்ணெய்! ஊரிலிருந்து மளிகை கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே கசகசாவுக்கு உள்ள கட்டுப்பாடு தெரிந்திருக்கும். இந்த மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம். மார்பிலோ வயிற்றிலோ நிணநீர் கசிந்துகொண்டே இருந்தால், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தொடையிடுக்கில் உள்ள கணுவுக்குள் இந்த எண்ணெயை மிக மெதுவாகச் செலுத்துவார்கள். எக்ஸ்ரேயில் அது வெள்ளையாக மேலே ஏறிப்போய்க் கசியும் இடத்தைக் காட்டும். சில நேரம் அந்தக் கெட்டியான எண்ணெயே ஓட்டையை அடைத்துவிடும். பார்க்கப் போன இடத்திலேயே வைத்தியமும் முடிந்துவிடும். எண்ணெய் கடைசியில் இரத்தத்தில் சேர்ந்து நுரையீரலுக்குப் போகும் என்பதால் அளவை மிகவும் கட்டுப்படுத்துவார்கள். நுரையீரல் நோயோ இதயத்தில் ஓட்டையோ இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐயில் கடோலினியம் என்ற படமருந்தைப் போட்டும் நிணநீர்க் குழாய்களைப் பார்க்கலாம். ஆழத்தில் உள்ளவையும் தெரியும் என்பது அதன் பலம். சிறுநீரகம் பலவீனமானவர்கள் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

*ஐசிஜி.* இன்டோசயனின் பச்சை என்பது முழுப்பெயர். கை கால் வீக்கத்துக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அமெரிக்காவில் 1959ல் இதய, கல்லீரல் பரிசோதனைகளுக்காக அனுமதி பெற்ற பழைய மருந்து. தோலடியில் போட்டால் அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நிணநீரில் ஏறிவிடும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினால், அதைவிடச் சற்று நீளமான அலைநீளத்தில், சுமார் 830 நானோமீட்டரில் ஒளிரும். நம் கண் சுமார் 700 வரைதான் பார்க்கும். அதற்கு மேல் கேமராதான் கண். கதிர்வீச்சு கிடையாது. குழாய் துடித்துத் துடித்துத் தள்ளுவதை நேரடியாகப் பார்க்க முடியும். குறை ஒன்று உண்டு: தோலிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் தெரியும். பருத்த தொடையில் உள்ளே போகும் குழாய் தெரியவில்லை என்பதற்காக, அங்கே குழாயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"நம்ம கறுப்புத் தோல்ல தெரியுமா?" என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நன்றாகவே தெரியும். அந்த அலைநீளத்தில் தோலின் நிறமி மிகக் குறைவாகத்தான் ஒளியை உறிஞ்சுகிறது.

ஐசிஜி பரிசோதனை, படிப்படியாக

முதலில் பரிந்துரைக் கடிதம். அறுவை சிகிச்சை செய்த டாக்டரைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் அவரிடமே கேட்கலாம். மற்றவர்கள் பாலிகிளினிக் வழியாகப் போனால் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருந்தகத்தில் மானியக் கட்டணம் கிடைக்க வழியுண்டு. பரிசோதனையைத் தனியாகச் செய்கிறார்களா, அறுவை சிகிச்சையோடு சேர்த்தா என்பதைப் பொறுத்துச் செலவும் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) விவகாரமும் மாறும். தேதி வாங்கும்போதே மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது, ஒவ்வாமைப் பட்டியல். ஐசிஜி பொடியில் கொஞ்சம் சோடியம் அயோடைடு இருக்கிறது. எக்ஸ்ரே மருந்துக்கோ அயோடினுக்கோ முன்பு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். "எனக்கு இறால் ஆகாது, அப்போ இதுவும் ஆகாதா?" என்ற கேள்வி வாரம் தவறாமல் வரும். இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அது ஒன்றே பரிசோதனையை நிறுத்தும் காரணமாகாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் பரிசோதனை தேதியிட்டிருந்தால், ஐசிஜிக்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் இடைவெளி வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால் விவரங்களும் முக்கியம்.

வீங்கிய கை சிவந்து சூடாகி வலித்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்று பரிசோதனைக்கு வராதீர்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். முதலில் அதற்கு வைத்தியம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

பரிசோதனை மட்டும் என்றால் பொதுவாகப் பட்டினி தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் காலையில் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரலாம். அன்றே அறுவை சிகிச்சையும் இருந்தால் கதை வேறு. மருத்துவமனை சொல்லும் நேரப்படி பட்டினி இருக்க வேண்டும். கையில் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள், பேனாக் கோடு நிற்காது. தீபாவளி சமயத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருதாணி வைத்த கையில் நாங்கள் வரையும் கோடு எது, பூ எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். வளையல், மோதிரங்களை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். முதலில் சொன்ன அந்த அம்மாவின் இரண்டு தங்க வளையல்களைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றுவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. திருமண நாளில் போட்டவை. வெட்ட வேண்டி வந்துவிடுமோ என்று அவர் கண் கலங்கியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வீக்கத்தை அடக்க இறுக்க உறை போடுகிறவர்கள் அதைப் போட்டபடியே வரலாம். படம் எடுக்கும்போது கழற்றி, எப்போது திரும்பப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோள் வரை மடங்கும் தளர்வான சட்டை, காலுக்கு என்றால் லுங்கியோ பாவாடையோ வசதி.

அறையில் படுத்ததும் 25 மில்லிகிராம் கரும்பச்சைப் பொடியைச் சுத்திகரித்த நீரில் கரைப்போம். கரைத்த மருந்தை வெளிச்சம் படாமல் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். "பச்சையா இருக்கே மிஸ்ஸி, கையெல்லாம் பச்சையாயிடுமா?" ஆகாதும்மா. ஊசி போட்ட இடத்தில் மட்டும் பச்சைப் புள்ளி, சில நாளில் மறையும். கல்லீரல் வழியாகப் பித்தத்தில் வெளியேறுவதால் சிறுநீரும் நிறம் மாறாது.

இந்த இடத்தில் பலர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு "இந்தக் கையில் ஊசி போடவிடாதீர்கள்" என்று நாங்களே சொல்லி அனுப்பியிருப்போம். அந்தக் கையின் வழியைப் பார்க்க அந்தக் கையில்தான் போட்டாக வேண்டும். தோலை நன்றாகச் சுத்தம் செய்து, மிகச் சிறிய ஊசியால், ஓரிடத்துக்கு 0.1 அல்லது 0.2 மில்லிலிட்டர் மட்டும், விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் போடுவார்கள். தோலுக்குள்ளேயே போடுவதால் எறும்பு கடித்ததுபோலச் சுள்ளென்று எரியும், சில நொடிதான். வலி தாங்காதவர்கள் மரத்துப்போகும் கிரீம் கேட்கலாம். அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும், அதனால் வந்தவுடனே கேளுங்கள்.

அப்புறம் விளக்கு அணையும். கேமரா கையிலிருந்து மேலே மெல்ல நகரும். டாக்டர் நீவிவிடுவார், விரலை மடக்கி நீட்டச் சொல்வார். வெள்ளைக் கோடு தெரிகிற இடமெல்லாம் தோல்மேல் பேனாவால் வரைவார். வீங்காத கையிலும் ஊசி போடலாமா என்று கேட்டால் மறுக்காதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். சில மருத்துவமனைகளில் பல மணி நேரம் கழித்து இன்னொரு தடவை படம் எடுப்பார்கள். தோலில் தேங்கும் நீர் அப்போதுதான் முழுதாகத் தெரியவரும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார வைப்போம். ஐசிஜி ஒவ்வாமை மிக அரிது, இருந்தாலும் தடிப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு மூச்சுத் திணறினால் 995ஐ அழையுங்கள், நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஊசி இடம் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

திரையில் என்ன தெரிகிறது?

நல்ல கையில் கம்பிக் கோலம்போல நேர்த்தியான கோடுகள் அக்குள் வரை போகும். வழி அடைபட்டால் நிணநீர் பின்னுக்குத் திரும்பித் தோலின் நுண்குழாய்களில் நிரம்பும். டாக்டர்கள் இதை மூன்று வகையாகச் சொல்வார்கள். லேசாக இருந்தால் தண்ணீர் தெறித்தது மாதிரி அங்கங்கே சிதறல். முற்றினால் கோலமாவைத் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக, நட்சத்திரத் தூள் என்று பெயர். இன்னும் முற்றினால் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளைப் பரப்பு.

ஒரே கையில் மூன்றும் இருக்கலாம், அதனால் ஒரு படத்தைப் பார்த்து மனம் உடையாதீர்கள். அந்த அம்மாவுக்கு முன்கை புகைமூட்டமாக இருந்தது. ஆனால் மேற்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு தோளைச் சுற்றிக் கழுத்தெலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அக்குள் வழி அடைபட்டதும் உடம்பே தேடிக்கொண்ட மாற்று வழி அது! வீக்கம் வடியட்டும் என்று ஒன்றரை வருடமாக அவர் தினமும் அக்குளை நோக்கியே நீவிக்கொண்டிருந்தார். படம் பார்த்த பிறகு சிகிச்சையாளர் திசையை மாற்றிக் கொடுத்தார்.

கோடுகள் இன்னும் உயிரோடு இருந்தால், நிணநீர்க் குழாயைப் பக்கத்துச் சிறு சிரையோடு இணைக்கும் நுண் அறுவை சிகிச்சையைப் பற்றி டாக்டர் பேசக்கூடும். 0.8 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களை நுண்ணோக்கிக்கு அடியில் தைக்கும் வேலை. எங்கே கீறுவது என்பதை இந்தப் பேனாக் கோடுகள்தான் சொல்லும். எல்லாம் வெள்ளைப் பரப்பாகிவிட்ட பிறகு இணைக்க நல்ல குழாய் கிடைப்பது கடினம். அதனால் மோதிரம் இறுக்கமாகத் தெரிகிறது, சட்டைக் கை பிடிக்கிறது என்ற நிலையிலேயே வந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைக்குத் தேர்வு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

கிளம்பும் முன் படங்களின் பிரதியும் அறிக்கையும் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். தோலில் வரைந்த கோடுகள் இரண்டு மூன்று குளியலில் அழிந்துவிடும். அதற்குள் நல்ல வெளிச்சத்தில், கையை நான்கு பக்கமும் திருப்பி, உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீவிவிடும் சிகிச்சைக்குப் போகும்போது முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.